எனக்குப் போட்ட படையல்

12.1.1987, இராஜபாளையம்

காரத்தில் அவிந்த காஜ் துணியை, புண்ணுக்குக் கட்டுகிற துணியை, அலசிப் பிழிந்து கொடியில் ஏற்றுவதற்குள் விரலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் சோலைச்சாமி வாய் மூடாத ஆள். பொங்கலுக்கு லீவு கேட்டு மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் புலம்பினான். நானும் சும்மா இருக்காமல் எந்த ஊர் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கான்சாபுரம்ணே. வத்திராயிருப்புக்கு அங்கிட்டு."

பிழிந்த துணி கை நழுவித் திரும்பவும் தொட்டிக்குள் விழுந்தது. அவன் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனான்.

"எங்க தெருவுல பொங்கலுக்கு மறுநா கன்னி கும்பிடுவாகண்ணே. அம்புட்டுத் துடியான கன்னி. அங்காளம்மா வீட்டுப் பிள்ளை. நாங்க அந்தத் தெருவுக்குக் குடிவர்றதுக்கு முந்தியே கெணத்துல விழுந்துருச்சாம், பொணங்கூட கெடைக்கலையாம். கல்யாணமாகாத பிள்ளைல்லா? கன்னியா வந்து உக்காந்துக்கிட்டா. வருசா வருசம் புதுச் சீலை, வளையல், பவுடரெல்லாம் வச்சுப் படையல் போடுவாக. கேட்டது நடக்கும்."

பெயர் என்ன என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"செல்லத்தாய்."

இங்கே நான் மலைச்சாமி. அங்கே நான் செல்லத்தாயாக இருந்தேன். வீட்டை விட்டு வந்தபின் அந்தப் பெயரை ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. இன்று கேட்டேன், சாமியின் பெயராக. அடப்பாவிகளா, என்னைச் செத்தவள் ஆக்கினது போதாதென்று சாமியாகவுமா ஆக்கினீர்கள்?

13.1.1987

நான் விழவில்லை. அதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஆள் வராத இடம் என்று தோட்டத்துக் கிணற்றடியில் உடுப்பு மாற்றினேன். கைலியும் சட்டையும் போட்டுக்கொண்டு, முடியைக் கத்தரித்துக் குப்பைக்குழியில் புதைத்துவிட்டு, விடிவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். பாவாடை தாவணியைக் கிணற்று மேட்டிலேயே விட்டுவிட்டேன். இனி அது எனக்கு எதற்கு என்றுதான். வேறு எண்ணமே இல்லை, சத்தியமாக.

அந்தக் கிணற்றுக்குள் குகை இருக்கிறது, விழுந்தவர் மேலே வரமாட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பிணம் கிடைக்காததே அவர்களுக்குச் சாட்சியாகப் போயிருக்கிறது. தேடி வருவார்கள், அடித்து இழுத்துப்போவார்கள் என்று எத்தனை நாள் பயந்திருப்பேன். ஒருத்தரும் ஏன் வரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அம்மா அழுதிருப்பாளா? என்ன கேள்வி இது, மடையா.

16.1.1987

காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. இந்நேரம் அங்கே எனக்கு இலை போட்டிருப்பார்கள்.

18.1.1987

சோலைச்சாமி திருநீறும் மாவிளக்கு மாவில் ஒரு உருண்டையும் கொண்டுவந்து கொடுத்தான். "கன்னிக்குப் படைச்சதுண்ணே, வேண்டாம்னு சொல்லக் கூடாது." வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. அவன் எதிரிலேயே தின்றேன். கருப்பட்டி போட்ட மாவு. அம்மா இடித்த மாவுதான், சுக்கு கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள்.

எனக்குப் படைத்ததை நானே தின்றுவிட்டேன். பொறவு கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

9.3.1987

ரோல் சுருட்டும் பக்கம் வேலை பார்க்கும் தங்கபாய் இன்று எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, "மலையாரே, நீங்க வெளுத்த துணியா இது? என் பாட்டி பொணத்துக்குப் போர்த்துன கோடித்துணி கூட இதவிட வெள்ளையா இருந்துச்சே" என்றாள். சுற்றி இருந்த பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துணியைத் திரும்ப வாங்கி மறுபடி அவித்தேன்.

அவள் சீவில்லிபுத்தூர். அப்பா தவசிமுத்து அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். இதையெல்லாம் நான் விசாரிக்கவில்லை. சோலைச்சாமிதான் சொன்னான். சரி, ஒன்றிரண்டு நானும் கேட்டேன்.

2.5.1987

வெயில். நெஞ்சில் இறுக்கிக் கட்டியிருக்கும் கட்டுக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. கம்பெனிக் கழிவுத் துணியில்தான் கிழித்துக் கட்டிக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் புண்ணுக்குக் கட்டுத்துணி செய்கிற இடத்தில் வேலை, எனக்கு அந்தக் கட்டாலேயே புண். இதை யாரிடம் சொல்லிச் சிரிக்க?

முந்தாநாள் தங்கபாய் பார்த்துவிட்டாள். குனிந்தபோது சட்டைக்குள் கட்டு தெரிந்திருக்கிறது. "நெஞ்சுல என்ன கட்டு?"

லாரியில் அடிபட்டது என்றேன்.

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாளா ஆறாத காயமா? எந்த வைத்தியர்ட்ட காட்டுறீக, அந்த ஆளத் தூக்கி உள்ள போடணும்." இன்று ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய் கொண்டுவந்து, கையில் தராமல் என் சாப்பாட்டுத் தூக்கின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

என்னால் தாங்க முடியவில்லை. ஒருத்தர் என் உடம்புக்கு மருந்து யோசித்து எத்தனை காலம் ஆயிற்று.

14.6.1987

சீவில்லிபுத்தூரில் படம் பார்த்தோம், நானும் அவளும். காதல் படம். பணக்காரப் பெண், ஏழைப் பையன், அருவாளோடு துரத்தும் அண்ணன்மார். கூட்டம் விசிலடித்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். கட்டுத்துணியை நெஞ்சில் சுற்றிக்கொண்டு, மாதத்தில் சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டை தூக்குகிற ஒருவனைக் கதாநாயகனாக்கி யாராவது படம் எடுப்பார்களா? எடுத்தால் விசில் வருமா, செருப்பு வருமா?

இடைவேளைக்குப் பிறகு சொல்லிவிட்டேன். அழுகைக் காட்சி, தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம், யாருக்கும் கேட்டிருக்காது. என்ன பெயரோடு பிறந்தேன், என்ன உடம்போடு இருக்கிறேன், அந்தச் சிறுக்கி பெயரில் எந்த ஊரில் படையல் நடக்கிறது, எல்லாம். ஒருநாளும் நான் பெண்ணாக இருந்ததில்லை என்றும் சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படம் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குப் போட்டதும் எழுந்து போய்விட்டாள்.

15.6.1987

வேலைக்கு வரவில்லை.

20.6.1987

வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. யாரிடமும் சொல்லவுமில்லை போல. மேஸ்திரி எப்போதும்போல் திட்டுகிறான்.

5.7.1987

முகம் கழுவும்போது கண்ணாடியில் அவள் தெரிகிறாள். தங்கபாய் இல்லை, மற்றவள், அந்தக் கன்னி. ஈரத்தலையோடு. நான் கண்ணை மூடித் திறந்தால் நான்தான். சே, கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன். கண்ணாடி பார்க்காமல் ஒரு ஆண்பிள்ளை இருக்க முடியாதா என்ன?

6.9.1987

இன்று ஞாயிறு. கதவைத் தட்டும் சத்தம் கேட்டு, வீட்டுக்காரர் என்று நினைத்துத் திறந்தால் தங்கபாய். செத்த நேரம் உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். மெலிந்திருந்தாள்.

"ஒங்க ஒடம்பப் பத்தி யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அது ஒங்க ஒடம்பு. எனக்கு மலையார்தான் வேணும்னு தோணுது, வேற யாரையும் நெனைக்க முடியல. அத விடுங்க."

நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன்.

"ஆனா அந்தப் படையல்தான் எனக்குப் பயமா இருக்கு. உசுரோட இருக்கிற ஆளுக்கு வருசா வருசம் எலை போட்டு அழுதா, அது யாரு ஆயுச எடுக்கும்? பெத்தவ கண்ணீர் வேற. கும்பிடக் கும்பிட அங்க ஒண்ணு வந்து உக்காந்துரும். நான் தாலியக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒங்களுக்கு என்ன ஆகுமோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்க மாட்டேன். போய் ஒங்க அம்மா கண்ணுல படுங்க. நான் சாகலன்னு சொல்லுங்க. பொறவு நாம கல்யாணம் பேசலாம்."

மூடநம்பிக்கை என்று கத்தினேன். பதிலுக்கு அவளும் கத்தினாள். என் தம்பி உக்கிரபாண்டி போலீஸில் சேர்ந்துவிட்டான் என்று சோலைச்சாமி சொல்லியிருக்கிறான். நான் போய் நின்றால் முடியைப் பிடித்து இழுத்துச் சேலையைச் சுற்றி மூலையில் உட்கார வைப்பார்கள், இல்லாவிட்டால் உண்மையாகவே அந்தக் கிணற்றில் போடுவார்கள். மலைச்சாமி அதோடு காலி. இதையும் சொன்னேன்.

"அப்படின்னா நானும் கூட வாரேன்" என்றாள். என்னடா இது, இவளுக்குப் பயமே கிடையாதா? இருந்தது. கையில் இருந்த பஸ் டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள், பார்த்தேன்.

ஆனால் கண்ணாடியில் வரும் ஈரத்தலையை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் சொன்னது பொய் என்று என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை.

14.1.1988

சோலைச்சாமி ஊருக்குக் கூப்பிட்டான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தங்கபாயை, கன்னியிடம் ஒரு காரியம் கேட்க வரும் பெண் என்று சொல்லியிருக்கிறேன். அதில் பொய்யும் இல்லை. நாளை மறுநாள்.

மீசைக்காக மையைத் தொட்டுப் பார்த்தேன். பொறவு துடைத்துவிட்டேன். மழை பெய்தால் சிரிப்பாகிவிடும்.

17.1.1988

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

கிருஷ்ணன்கோவில் விலக்கில் பஸ் திரும்பியதும் இறங்கிவிடலாமா என்று எழுந்தேன். தங்கபாய் கையைப் பிடித்துக்கொண்டாள். கான்சாபுரத்தில் இறங்கினால் ஒரு குருவிக்கும் என்னைத் தெரியவில்லை. டீக்கடைக்காரர், நான் பாவாடையோடு எத்தனை தடவை சீனி வாங்கியிருப்பேன், அவர், "தம்பி வெளியூரா?" என்றார். தம்பி! அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் ஊரை விட்டே போனேன். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் முட்டியது.

எங்கள் வீட்டு முன்னறையில் சுவரோரமாகச் சுளகில் பச்சைச் சேலை, வளையல், ரிப்பன், பவுடர் டப்பா. தலைவாழை இலையில் பொங்கல், முருங்கைக்கீரை, அவித்த கிழங்கு. எனக்குப் பிடிக்கும் என்று முருங்கைக்கீரை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா இவ்வளவு சின்ன ஆளாகிவிட்டாள். உக்கிரபாண்டி வரவில்லை, மதுரையில் பந்தோபஸ்து என்றார்கள். அப்பாடா என்று இருந்தது.

உடுக்கு அடித்ததும் அத்தை ஆவுடையம்மாளுக்குச் சாமி வந்தது. முடியை அவிழ்த்துப் போட்டுக் குலவையோடு ஆடினாள். அத்தை என்னைப் போலவே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அந்த நடை, தோளைத் தூக்கிக் கையை வீசி நடக்கிற நடை, பொம்பளைப் பிள்ளையா இது என்று இதே அத்தையிடம் எத்தனை அடி வாங்கியிருப்பேன். இப்போது அவளே அப்படி நடந்தாள். நான் இங்கே நிற்கிறேன், அப்படியானால் அங்கே ஆடுவது யார்?

"தாயி செல்லத்தாய், சீலைய வாங்கிக்கோத்தா" என்று அம்மா நீட்டினாள்.

அத்தை அதைத் தட்டிவிட்டாள். "இது வேண்டாம். எனக்கு இது வேண்டாம்."

"ஏந்தாயி, பச்சை பிடிக்கலியா? செவப்பு எடுக்கட்டுமா?"

"வேண்டாம். எனக்குச் சீலையே வேண்டாம். எப்பத்தான் கேக்கப் போறீக?"

கூட்டத்தில் ஒருத்தி, பட்டுச் சீலை கேட்குது போல என்றாள். இன்னொருத்தி, சீட்டித் துணியில் பாவாடைதான் கேட்கும், சின்னப்பிள்ளைல்லா என்றாள். நிறத்துக்கும் துணிக்கும் அங்கே ஒரு பெரிய சண்டையே நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சிரித்துவிட்டேன், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. உயிரோடு இருந்தபோது நான் அந்த வீட்டில் தொண்டை கிழியச் சொன்ன அதே வார்த்தை. செத்தும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

அப்போது அம்மா நிமிர்ந்தாள். சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. ஓடிவிடலாம் என்று திரும்பினால் தங்கபாய் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. குனிந்து, தட்டிவிட்ட சேலையை எடுத்து மடித்துச் சுளகில் வைத்தாள். எல்லோருக்கும் திருநீறு கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் பாதி கீழே கொட்டியது.

மதியம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தூக்குச்சட்டியோடு தனியாக வந்தாள். நான் எழுதி வைத்து மனப்பாடம் பண்ணியிருந்த பேச்சு எல்லாம் போயிற்று. அம்மா என்று மட்டும் சொன்னேன்.

"கூப்பிடாத. ரோட்டுல ஆளு போகுது." என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எம்மக செத்துட்டா. அவளுக்கு ஊரு கூடி எலை போட்டாச்சு. அவள நான் எழுப்ப மாட்டேன். எழுப்புனா அவளையும் வச்சிருக்க விடமாட்டாங்க, ஒன்னையும் வாழ விடமாட்டாங்க. புரியுதா?"

புரிகிறது என்றேன்.

"ஒன் பேரு என்ன?"

"மலைச்சாமி."

"மலைச்சாமி." ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேருய்யா."

அய்யா என்றாள். தம்பியைக் கூப்பிடுவதுபோல.

தங்கபாய் விடவில்லை. "ஆத்தா, நீங்க எலை போடுற ஒவ்வொரு தடவையும் இவுக ஆயுசு..." என்று ஆரம்பித்தாள்.

"நான் எலை போடுறது செல்லத்தாய்க்கு. எம்பிள்ளை ஆயுசுக்கு இனிமே தனியா வேண்டிக்கிடுதேன்." தூக்குச்சட்டியை அவள் கையில் கொடுத்தாள். "இவன் பசி தாங்க மாட்டான். கோவம் வரும். வயித்துக்குப் போட்டுட்டு அப்புறம் சண்டை போடு."

பஸ்ஸில் ஏறியதும் தங்கபாய் சட்டியைத் திறந்து எனக்கு ஊட்டினாள். பஸ் முழுக்க ஆட்கள். நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டே தின்றேன்.

29.4.1988, சீவில்லிபுத்தூர்

கல்யாணம் முடிந்தது. கோயில் வாசலில் மாலை மாற்றி, சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் சாப்பாடு. மாமனார் தவசிமுத்து, சாதி வேறாக இருந்தாலும் போகட்டும், மாப்பிள்ளை பக்கம் ஒரு ஆளாவது வந்து நிற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சோலைச்சாமிக்குத் தெரியாமல் அம்மாவுக்குச் சொல்லியனுப்ப நான் பட்ட பாடு! அம்மா வந்து நின்றாள், பெரியம்மா முறை என்று. சமையல் சரியில்லை என்று மாமனாரிடம் சண்டை வேறு போட்டுவிட்டுப் போனாள்.

இந்த வீட்டில் கண்ணாடி பெரியது. பார்த்தேன். நான் மட்டும்தான் இருந்தேன்.

3.8.1990, இராஜபாளையம்

அம்மா மாதம் ஒருமுறை பல் கட்டுவதாகச் சொல்லிவிட்டு இங்கே வருவாள். நேற்று அவள் வந்து போனாள். இன்று கம்பெனி வாசலில் உன்னை ஒரு போலீஸ்காரர் கேட்கிறார் என்றார்கள்.

உக்கிரபாண்டி. நல்ல வளர்த்தி, எப்போதோ செத்துப்போன அப்பாவின் மீசை. என்னை அண்ணாந்து பார்த்த பையன், இப்போது நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

"அங்காளம்மாங்கிறவுக ஒங்களத்தான் பாக்க வருதாகளா?"

"ஆமா."

"ரெண்டு வருசமா பல்லு கட்டப் போறேன்னு போகுது. வாயில ஒரு பல்லு கூடல. என்னடான்னு பொறத்தால வந்தேன்." அவன் சிரிக்கவில்லை. "என்ன ஒறவு?"

"வேண்டியவுக."

என் மூக்கைப் பார்த்தான். மூக்குத்தி போட்ட துளை தூர்ந்துவிட்டது, ஆனாலும் ஒரு புள்ளி இருக்கிறது. அதையே பார்த்தான். முகம் வெளிறியது. பேயைப் பார்த்தவன்போல ஓரடி பின்னால் போனான், போலீஸ்காரன். பிறகு திரும்பி நடந்து போய்விட்டான்.

முடிந்தது. எல்லாம் முடிந்தது.

4.8.1990

பெட்டியைக் கட்டினேன். திருப்பூருக்குப் போய்விடலாம் என்றேன். தங்கபாய் அதை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள்.

"ஓடி ஓடி எங்க போவீக? மறுபடியும் எந்தக் கெணத்து மேட்டுல துணியக் கழத்தி வைக்கப் போறீக?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் அசையவுமில்லை. "பசிக்குதா?" என்றாள்.

30.10.1990

யாரும் வரவில்லை. அம்மாவும் வருவதில்லை.

16.1.1991

பொங்கலுக்கு மறுநாள். சோலைச்சாமி இப்போது வேறு மில்லில் இருக்கிறான், கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. தங்கபாய் காலையிலேயே எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். ஆயுசுக்காம்.

அம்மாவைத் தம்பி அடைத்து வைத்திருப்பானோ? அடித்திருப்பானோ? போய்ப் பார்க்கலாம் என்றால் கால் வரவில்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே பின்கதவுப் பக்கம் போய்விடுகிறேன். தபால்காரன், பால்காரன், யாராக இருந்தாலும். அவன் வரமாட்டான் என்றிருந்தால்கூட நிம்மதி. வருவானா மாட்டானா என்பதுதான் தின்கிறது.

7.11.1992

மாலை ஐந்து மணி பஸ்ஸில் ஒரு ஆள் வந்தான். "கான்சாபுரத்துல அங்காளம்மா தவறிட்டாக. ஒங்ககிட்ட கேதம் சொல்லிட்டு வரச் சொன்னாக." யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் அடுத்த ஊருக்குச் சொல்லப் போய்விட்டான்.

அம்மா.

போகக் கூடாது என்றேன். போகணும் என்றாள் தங்கபாய். போலீஸ்காரன் பொறி வைத்து இழுக்கிறான் என்றேன். "இழுக்கட்டும். பெத்தவ முகத்தப் பாக்காம நீங்க எந்த ஆம்பளையா வாழப் போறீக?"

9.11.1992

போய்வந்தோம்.

பக்கவாதமாம். இரண்டு வருஷமாகப் படுக்கையாம். பல் கட்டுகிறேன் என்று புறப்பட்ட அன்று வாசலிலேயே விழுந்திருக்கிறாள். உக்கிரபாண்டிதான் லீவு போட்டுக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்திருக்கிறான். அவன் மனைவி செல்வக்கனி தங்கபாயிடம் சொல்லி அழுதாளாம். நான் இங்கே உட்கார்ந்து அவனைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

நான் உள்ளே போய் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, ஆண்கள் நிற்கும் இடத்தில் ரோட்டோரமாக நின்றுகொண்டேன். ஓட வசதியாக. அத்தை ஆவுடையம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து, "யாருய்யா நீ?" என்று கேட்டாள். "ராஜபாளையம். வேண்டியவன்" என்றேன். தலையாட்டிக்கொண்டு போனாள்.

நீர்மாலைக்குக் கூப்பிட்டார்கள். பெற்றவளைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க மகன்மாரும் மருமகள்மாரும் போக வேண்டும். குளித்து, ஈரத்துணியோடு, தலைக்கு மேல் வேட்டி விரித்துப் பிடிக்கக் குடம் எடுத்துவர வேண்டும். உக்கிரபாண்டியும் அவன் மனைவியும் புறப்பட்டார்கள். நாலடி போனவன் நின்றான்.

"ராஜபாளையத்து ஆளு எங்க?"

கூட்டம் முழுக்கத் திரும்பியது.

"வாங்க" என்றான். செல்வக்கனி பெண்களுக்குள் புகுந்து தங்கபாய் கையைப் பிடித்து, "அக்கா, நீங்களும் வாங்க" என்றாள்.

பின்னாலேயே போனேன். பம்புசெட்டுக்குப் போனதும் ஆண்கள் எல்லாம் சட்டையைக் கழற்றினார்கள். பங்காளி ஒருவர் என்னைப் பார்த்து, "சட்டையக் கழத்துப்பா. வெறும் ஒடம்புல தண்ணி ஊத்தித்தான் எடுக்கணும்" என்றார். கை பொத்தானுக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. தங்கபாய் முகம் செத்துப்போயிற்று. இதற்குத்தான் கூட்டி வந்திருக்கிறான், ஊர் நடுவில் உரித்துக் காட்ட, என்றே நினைத்தேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உக்கிரபாண்டி பக்கத்தில் வந்து, கையில் இருந்த கோடித் துண்டை விரித்து என் தோளைச் சுற்றிப் போர்த்தினான்.

"அவன் சட்டையோடயே நிக்கட்டும்."

"அதெப்படி பாண்டி, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? அதோட இந்த ஆளு என்ன முறையில..."

"எங்கம்மா பிள்ளையா வச்சிருந்தா. போதுமா?" குரல் உயர்ந்தது. பங்காளி வாயை மூடிக்கொண்டார். "தள்ளிக்கோங்க. மூத்தவன் தலையிலதான் மொதல்ல ஊத்தணும்."

வாளியைத் தூக்கி ஊற்றினான். கார்த்திகை வரப்போகிற தண்ணீர், குளிர் நடுமண்டையில் இறங்கியது. இன்னொரு வாளி மொண்டு ஊற்றும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

"அழுதுக்கோண்ணே. தண்ணிக்குள்ள தெரியாது."

அழுதேன். அவனும் ஊற்றிக்கொண்டே அழுதான். பிறகு குடத்தை நிரப்பி என் தோளில் ஏற்றிவிட்டான். பின்னால் தங்கபாய் ஈரச் சேலையோடு இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் நாலு பேர் தலைக்கும் மேலாக வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள்.